ஒழித்தவர்களின் நாட்காட்டி

1

அமெரிக்க தேசத்தை நிறுவிய தலைவர்கள் அடிமைமுறையை உள்ளூர வெறுத்தார்களா, இல்லையா? இந்தக் கேள்வியை வைத்து அங்கே அலமாரி அலமாரியாக எழுதித் தீர்த்திருக்கிறார்கள். ஜெஃபர்சன் வெறுத்தார், ஆனால் விடவில்லை. வாஷிங்டன் கடைசிக் காலத்தில் மனம் மாறினார். ஃபிராங்க்ளின் முதலில் அடிமைகளை வைத்திருந்தார், பிறகு ஒழிப்புச் சங்கத்துக்கே தலைவரானார். ஜான் ஆடம்ஸ் வைத்துக்கொள்ளவே இல்லை. ஆளுக்கு ஒரு மதிப்பெண். நம்மிடமும் இந்த மதிப்பெண் விமர்சனம் நிறையவே உண்டு. பண்ணையார் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘மனுசன் நல்லவருதான், என்ன பண்றது, அந்தக் காலம் அப்படி’ என்று முடித்துவிடுவோம். நம் கதைகளிலும் இந்த நல்ல பண்ணையார் வந்து போய்க்கொண்டே இருக்கிறார்.

மனசை அளக்கும் இந்த விமர்சனத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆண்டையின் உள்ளம்தான் கதையின் மையம். அந்த உள்ளத்தைச் சோதித்துப் பார்க்க அடிமை ஒரு சந்தர்ப்பம், அவ்வளவுதான். நான் வேறு விதமாக வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். தலைவர்களின் மனசை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்கள் குறித்த தேதிகளைப் படிக்கலாம். விடுதலைக்கு எந்த நாளைக் குறித்தார்கள்? அந்த நாள் வரைக்குமான காலத்தை யாருடைய ஆயுளிலிருந்து எடுத்தார்கள்? இந்தக் கேள்வியைக் கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே கல்வராயன் மலையில் ஜாகிர் ஆட்சி 1976 வரை நடந்தது.

2

எல்லா மனிதரும் சமம் என்ற 1776ஆம் ஆண்டுப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தார். இது எல்லோருக்கும் தெரிந்த முரண். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அந்தத் தலைமுறையின் நாட்காட்டி.

1780இல் பென்சில்வேனியா ஓர் ஒழிப்புச் சட்டம் போட்டது. அன்றைக்கு அடிமையாயிருந்த ஒருவரையும் அது விடுவிக்கவில்லை. அதற்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கு மட்டும் விடுதலை, அதுவும் 28 வயது வரை ஆண்டைக்கு உழைத்துக் கொடுத்த பின்னால். 1784இல் மேற்குப் பிரதேசங்களில் அடிமைமுறை கூடாது என்று ஜெஃபர்சன் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதிலும் தடை தொடங்கும் ஆண்டு 1800. பதினாறு வருஷம் தள்ளிவைத்த அந்தத் தடையும் ஒரே ஓட்டில் தோற்றுப்போனது. 1787இல் எழுதிய அரசியல் சட்டம் அடிமை இறக்குமதியை 1808 வரை தடுக்க முடியாது என்றது. ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டு, அந்த எண்ணிக்கைக்கு உரிய பிரதிநிதித்துவத்தை ஆண்டைகளின் மாநிலங்களுக்குக் கொடுத்தது. இத்தனையும் செய்த அந்தப் பிரதியில் ‘அடிமை’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கூச்சம் இருந்திருக்கிறது. கூச்சம் சொல்லைத்தான் நீக்கியது.

1790இல் ஃபிராங்க்ளின் கையெழுத்திட்ட ஒழிப்பு மனு காங்கிரசுக்குப் போனபோது, மாநிலங்களுக்குள் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 7 லட்சம். 1860இல் ஏறத்தாழ 40 லட்சம். இடையே இறக்குமதித் தடை வந்தது, ஜெஃபர்சனே 1807இல் கையெழுத்திட்டார். வடமாநிலங்களில் ஒழிப்பு மெல்ல நடந்தது. இவற்றுக்கெல்லாம் பயனில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருந்தால் தானாகத் தேயும் என்று பெரியவர்கள் நம்பிய ஒன்று அவர்கள் கண்ணெதிரே பெருகியது. 1826இல் கடனோடு செத்துப்போன ஜெஃபர்சனின் தோட்டத்தில், அடுத்த ஜனவரியில் 130 மனிதர்கள் ஏலத்துக்கு வந்தார்கள். கடன் அவருடையது, அதைக் கட்டியது அவர்களுடைய உடம்பு.

வாஷிங்டன் ஜனாதிபதியாக ஃபிலடெல்ஃபியாவில் இருந்தார். ஆறு மாதம் தொடர்ந்து அங்கே இருந்துவிட்ட அடிமை சட்டப்படி விடுதலை கேட்கலாம். ஆகவே ஆறு மாதம் முடிவதற்குள் தன் வீட்டு அடிமைகளை எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்வார். இதுவும் ஒரு நாட்காட்டிதான். 1796இல் ஓனா ஜட்ஜ் என்ற பெண் அந்த வீட்டிலிருந்து தப்பித்து நியூ ஹாம்ஷயருக்குப் போய்விட்டாள். அவளைத் திரும்பப் பிடிக்க அவர் முயன்றார், முடியவில்லை. 1799 உயிலில் தன் உடைமையான 123 பேரை விடுதலை செய்தார், தன் மனைவி இறந்த பிறகு. ஓனா அந்தக் கணக்கில் இல்லை, அவள் மனைவியின் முதல் கணவர் வழிச் சொத்து. சாகும்வரை சட்டத்தின் கண்ணில் அவள் ஓடிப்போன அடிமை. யாரும் தேதி குறித்துக் கொடுக்காத விடுதலையை அவள் தன் காலால் நடந்துபோய் எடுத்துக்கொண்டாள்.

3

நம் பக்கத்து ஆவணம் ஒன்றையும் படிக்கலாம். சுந்தரர் பிறந்த திருநாவலூர் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழ வேதியர் புகுந்து, நீ என் அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. பாட்டன் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, கிழவர் பக்கம் தீர்ப்பாகிறது. கிழவர் சிவபெருமான். பெரியபுராணத்தில் இது தடுத்தாட்கொண்ட அருள்.

அருள் இருக்கட்டும், வழக்கைப் பாருங்கள். பிறக்காத பேரனைப் பாட்டன் எப்படி எழுதிக் கொடுக்க முடியும் என்று அவையில் ஒருவரும் கேட்கவில்லை. சுந்தரர் எழுப்பும் ஆட்சேபம் வேறு: அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவதைக் கேள்விப்பட்டதுண்டா என்பது. அடிமை என்ற ஏற்பாடு இருக்கலாம், அது எங்கள் சாதிக்கு இல்லை என்பதே அதன் பொருள். 1201இல் பஞ்சத்தில் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஆளோலை கவி கற்பனையில் முளைத்தது அல்ல. ஊரில் புழங்கிய பத்திரம் கவிக்கு உருவகமானது. அடியார், தாசன் என்று நாம் மரியாதையாகச் சொல்லும் சொற்களுக்கு அடியில் இந்தப் பத்திரம் கிடக்கிறது. பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் உழைப்பதில் அநியாயம் தோன்றாமல் போனதற்கு நம் இலக்கிய ரசனைக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833இல் அடிமைமுறையை ஒழித்தபோது கம்பெனியின் இந்தியப் பகுதிகளை அதிலிருந்து விலக்கி வைத்தது. பத்து வருஷம் கழித்து 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். அடிமை என்பதற்காக ஒருவரை அரசு அலுவலர் விற்கக் கூடாது. அடிமை உரிமையை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது. அடிமை என்று சொல்லி ஒருவரின் சொத்தைப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அவ்வளவுதான். யாரையும் அது விடுவிக்கவில்லை, யாருக்கும் ஒரு குழி நிலம் தரவில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தில் அடிமைமுறை இருந்தது, சொல் இல்லை. இந்தச் சட்டத்தில் சொல் இருந்தது, விடுதலை இல்லை. பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் கணக்கு நடந்துகொண்டே இருந்தது. ஆளை விற்கும் பத்திரம் போய் ஆளைக் கட்டும் கடன் வந்தது.

4

மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் பூலே 1873இல் ‘குலாம்கிரி’யை வெளியிட்டபோது, நீக்ரோ அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அந்தக் காணிக்கையில் பாராட்டு மட்டும் இல்லை, உள்ளூர் மேலோருக்கு ஒரு கேள்வியும் இருந்தது. அம்பேத்கர் அதை இன்னும் கூர்மையாக்கினார். அடிமைமுறை வெளிப்படையானது, தீண்டாமை மறைமுகமானது. மறைமுகமானதால்தான் கட்டப்பட்டவருக்கே கட்டு தெரியாமல் போகிறது, அது நீடிக்கிறது என்பது அவர் வாதம்.

அரசியல் நிர்ணய சபை 1948 டிசம்பர் 3 அன்று கட்டாய உழைப்பைத் தடுக்கும் ஷரத்தை விவாதித்தது. சென்னை மாகாணத்திலிருந்து போயிருந்த எஸ். நாகப்பா அங்கே தத்துவம் பேசவில்லை. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துத் தருவது எல்லாம் கூலியில்லாமல் தாழ்த்தப்பட்டவரிடம் வாங்கப்படுகிறது என்று விவரம் சொன்னார். ஷரத்து நிறைவேறி, இன்றைக்கு 23ஆம் பிரிவாக இருக்கிறது. மீறினால் சட்டப்படி தண்டனை என்றும் எழுதினார்கள். கொத்தடிமைக்கு நாடு முழுமைக்குமான அந்தச் சட்டம் எப்போது வந்தது? 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக, 1976இல் சட்டமாக. கால் நூற்றாண்டு!

நடுவில் 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தஞ்சாவூருக்கு மட்டும். அங்கே செங்கொடி இருந்தது, பண்ணையாட்கள் சங்கமாக எழுந்து நின்றார்கள். அதே மாகாணத்தில் தென்னார்க்காட்டுப் படியாளுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆட்சியாளரின் மனசு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறியிருக்காது. சங்கம்தான் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறியது.

இனி மலைக்கு வருகிறேன். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். மலை மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற பட்டங்களின் கீழ் இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று அதற்கு ஒரு வரலாறு சொல்வார்கள். ஜாகிர்தாருக்கு வரி, அவர் காட்டில் கூலியில்லா வேலை என்பது மலைவாசிகளின் வாய்மொழியில் இன்றும் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்துவிட்டது. மலை ஜாகிர்கள் முடிவுக்கு வந்தது 1976இல். இடைவெளி 28 ஆண்டுகள். பென்சில்வேனியாவின் அந்த 28 வயதோடு இது ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் அதன் அளவு நமக்குப் புரிய உதவும்: 1948இல் வெள்ளிமலைப் பக்கம் பிறந்த ஒரு பெண் குழந்தை வளர்ந்து, பிள்ளைபெற்று, அந்தப் பிள்ளையும் காட்டு வேலைக்குப் போகத் தொடங்கும் காலம்.

இந்த 28 ஆண்டுகளில் தமிழ்நாட்டை ஆண்டவர்கள் காங்கிரஸ்காரர்கள், பிறகு திராவிட இயக்கத்தவர்கள். நிலப்பிரபுத்துவத்தை எதிர்த்து மேடையில் பேசாதவர் அவர்களில் யார்? மலை அவர்கள் கண்ணில் படாததற்கு வெறுப்புக் காரணமில்லை. அவசரம் இல்லை, அதுதான் காரணம். கடைசியில் கொத்தடிமை ஒழிப்பும் ஜாகிர் ஒழிப்பும் நெருக்கடி நிலையில், எல்லார் உரிமையும் முடக்கப்பட்டிருந்த நேரத்தில் வந்தன. நம் ஜனநாயகம் தள்ளிப்போட்டதை எதேச்சதிகாரம் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. இந்த அவமானத்தை முற்போக்காளர்களான நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

5

1976 சட்டத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எழுத்தில் அது நல்ல சட்டம். கடன் செத்துப்போகிறது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. திருவெண்ணெய்நல்லூர்த் தீர்ப்பை அது தலைகீழாக்கிவிட்டது. உச்சநீதிமன்றமும் 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு என்று தெரிந்தாலே கடன் பின்னணியை ஊகித்துக்கொள்ளலாம் என்றது. அதன் பிறகும், உச்சநீதிமன்றம் அமைத்த குழு 1995இல் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. செங்கல் சூளைக்கு, கரும்பு வெட்டுக்கு, எஸ்டேட்டுக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி கொடுப்பதற்கு இன்று பெயர் ‘அட்வான்ஸ்’. ஆளோலை, கடன், அட்வான்ஸ்: பத்திரத்தின் பெயர் இரண்டு முறை மாறியிருக்கிறது.

அமெரிக்காவில் 1865இல் வந்த 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது, குற்றத்துக்கான தண்டனை நீங்கலாக. அந்த ‘நீங்கலாக’ வழியே தென்மாநிலங்கள் விடுதலையானவர்களைக் கைதிகளாக்கித் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டன. நம் மலைகளில் அப்படி ஒரு ஷரத்து எழுதப்படவில்லை. ஆனால் ஜாகிர்தாரின் ஆளாக இருந்தவன் விடுதலையான பிறகு அரசுக்கு யாராகத் தெரிகிறான்? காட்டுக்குள் நுழைந்தவன், சாராயம் காய்ச்சியவன், செம்மரம் வெட்டியவன். தமிழகத்து மலைகளிலிருந்து முன்பணம் கொடுத்து அழைத்துப்போகப்பட்ட கூலிகள் ஆந்திரச் சிறைகளை நிரப்பினார்கள். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் 20 தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முன்பணம் கொடுத்த முதலாளிகள் அந்தக் காட்டில் இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டவர் பலியானபோது எல்லார் பார்வையும் மலை மேல் திரும்பியது, ரெய்டாக. அதற்கப்புறம்தான் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் சாலை, பள்ளி, மருத்துவம் பற்றி வழக்கெடுத்து விசாரித்தது. நல்லதுதான். ஆனால் தேதியைப் பாருங்கள். 1976க்குப் பிறகு 48 ஆண்டுகள். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் 2008இல் நீதிமன்ற உத்தரவால் உரிமைப் பத்திரம் கொடுப்பது நின்றது. தடை நீங்கியது 2016இல்.

6

‘அந்தக் காலம் அப்படி’ என்பதை இப்போது மறுபடி கேட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் ஓனா ஜட்ஜும் இருந்தாள். 1791இல் ஹைட்டியில் அடிமைகள் எழுந்து 1804இல் ஒரு நாட்டையே நிறுவினார்கள். அவர்களுக்கு எது நியாயம் என்று தெரிய இன்னொரு நூற்றாண்டு தேவைப்படவில்லை. ஜெஃபர்சன் அந்த நாட்டை அங்கீகரிக்கவில்லை. அமெரிக்கா அங்கீகரித்தது 1862இல். காலம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. காலத்தைச் சாக்காகச் சொல்பவர்கள் ஆண்டையின் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. நல்ல ஆண்டையின் மன உளைச்சலை நாம் போதுமான அளவு எழுதிவிட்டோம். ஆளோலையை அருளாகப் படித்ததும் போதும். மேஸ்திரியின் அட்வான்ஸ் நோட்டில் ஒரு குடும்பத்தின் எத்தனை வருஷம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படிக்கப் பழக வேண்டும். களத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1976 சட்டம் மாவட்டந்தோறும், கோட்டந்தோறும் விழிப்புக் குழு வேண்டும் என்கிறது. கள்ளக்குறிச்சி 2019 முதல் தனி மாவட்டம். அந்தக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, மலையிலிருந்து யார் அதில் உட்கார்ந்தார்கள் என்று கலெக்டர் ஆபீசில் எழுதிக் கேளுங்கள். மனசைப் பற்றி நீண்ட பதில் வரலாம். நாம் கேட்பது தேதியை.