கேசட்டும் பென்சிலும்

பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு ஆடியோ கேசட்டையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விழிப்பார்கள். ஆறு பட்டைப் பென்சிலைப் பல் வைத்த துளையில் நுழைத்துச் சுற்றினால், தொங்கும் நாடா சரசரவென்று உள்ளே போய்விடும்.

1963-இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய இந்தப் பெட்டியில் ஒளிவுமறைவே இல்லை. இரும்பு ஆக்சைடு பூசிய நாடா, நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் டேப் ரெக்கார்டரின் ‘ஹெட்’டை உரசிப் போகிறது; நாடாவில் பதிந்த காந்தத் தடம் மின்சாரமாகி, ஸ்பீக்கரில் பாட்டாகிறது. சி-60 என்றால் பக்கத்துக்கு அரை மணி. அந்த நாளில் ரெக்கார்டிங் கடையில் பதிய வேண்டிய பாட்டுகளின் பட்டியல் கொடுக்கும்போது, எந்தப் பாட்டை விடுவது என்பதே பெரும்பாடாக இருந்தது.

பிடித்த பாட்டுக்குத் தாவ முடியாது. ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டித் தேட வேண்டும். அந்தத் தேடலில் பிடிக்காத பாட்டும் காதில் விழுந்து, நாளடைவில் பிடித்துப்போகும். பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்.