டொனால்ட்ஸனின் கடையும் ஜான்ஸனின் முன்னுரைகளும்

இலக்கிய வரலாறு எழுதுகிறவர்களின் கண்ணில் புத்தகக் கடை படுவதில்லை. கவிஞன் எழுதினான், விமர்சகன் தரம் பார்த்தான், காலம் தேர்ந்தெடுத்தது என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். காலம் என்பது பல சமயங்களில் ஒரு வியாபாரி. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையைப் பொறுத்தவரை அந்த வியாபாரிகளில் ஒருவன் அலெக்ஸாண்டர் டொனால்ட்ஸன். எடின்பரோக்காரன். 1727-ல் பிறந்து 1794-ல் செத்தான். அச்சிட்டான், விற்றான், 1764 முதல் 'எடின்பரோ அட்வர்டைஸர்' என்ற பத்திரிகையும் நடத்தினான். லண்டன் புத்தக வியாபாரிகள் அவனைத் திருடன் என்றார்கள்.

1710-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு புதிய புத்தகத்துக்கு 14 வருஷப் பதிப்புரிமை. ஆசிரியன் உயிரோடிருந்தால் இன்னுமொரு 14. அதற்கு முன்பே வெளிவந்திருந்தவற்றுக்கு 21. அத்தோடு சரி. ஆனால் லண்டனின் பெரிய கடைக்காரர்கள் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கும் முன்பிருந்தே வழிவழியாக வரும் நிரந்தர உரிமை எங்களுக்கு உண்டு என்றார்கள். ஷேக்ஸ்பியர் ஒரு குடும்பத்தின் சொத்துப்போல் கைமாறிக்கொண்டிருந்தார். டொனால்ட்ஸன் இதை மதிக்கவில்லை. கெடு முடிந்த புத்தகங்களை எடின்பரோவில் அச்சிட்டான். 1763-ல் லண்டனுக்கே போய் ஸ்ட்ராண்ட் வீதியில் கடை திறந்து, வழக்கமான விலைக்கு 30 முதல் 50 சதம் குறைத்து விற்பதாக விளம்பரம் செய்தான். எதிராளியின் வீட்டுத் திண்ணையிலேயே கடை விரிக்கிற துணிச்சல் இது.

அந்த வருஷம் ஜான்ஸனிடம் பேச்சு வந்தது. ஏழை மாணவர்கள் வாங்கும்படி விலையைக் குறைக்கிறானே என்று ஒருவர் டொனால்ட்ஸனுக்குப் பரிந்து பேச, ஜான்ஸன் சிரித்துக்கொண்டே, பணக்காரனைக் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட்டுக்கு இவன் எந்த விதத்தில் மேல் என்று கேட்டாராம். ஜான்ஸன் நிரந்தர உரிமையை ஆதரித்தவர் அல்ல. அறிவின் நலனுக்கு அது விரோதம் என்று சொன்னவர்தான். ஆனாலும் லண்டன் வியாபாரிகளிடம் அவருக்கு ஒரு விசுவாசம். அவருக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள்தானே. பேச்சைப் பதிவு செய்த பாஸ்வெல், பத்து வருஷம் கழித்து ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் டொனால்ட்ஸனுக்கு வக்கீலாக நின்று ஜெயித்தார் என்பது இந்தக் கதையின் வேடிக்கைகளில் ஒன்று.

பெரிய வழக்கு ஜேம்ஸ் தாம்ஸனின் 'பருவங்கள்' என்ற கவிதை நூலைப் பற்றியது. தாம்ஸனும் ஸ்காட்லாந்துக்காரர், 1748-லேயே இறந்துவிட்டார். சட்டக் கெடு 1750களின் இறுதியில் தீர்ந்துவிட்டது. ஆனாலும் 1769-ல் லண்டன் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் நிரந்தர உரிமை உண்டு என்றது. அந்த வருஷமே பெக்கட்டும் கூட்டாளிகளும் தாம்ஸனின் கவிதைகளை 505 பவுனுக்கு ஏலத்தில் எடுத்தார்கள். டொனால்ட்ஸன் அதற்கு முந்தின வருஷமே நூலை அச்சிட்டிருந்தான். தடையுத்தரவு வந்தது. அவன் பிரபுக்கள் சபைவரை போனான். 1774 பிப்ரவரி 22-ல் சபை நிரந்தர உரிமை கிடையாது என்று தீர்த்தது. எடின்பரோவில் சொக்கப்பனை கொளுத்திக் கொண்டாடினார்கள்.

இந்த வழக்கு முழுவதிலும் 'ஆசிரியனின் உரிமை' என்ற சொல்தான் ஓங்கி ஒலித்தது. ஆசிரியனோ கல்லறைக்குப் போய் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இறந்த கவிஞனின் முகமூடியைப் போட்டுக்கொண்டு கடைக்காரன் பேசினான். இது லண்டனோடு முடிந்துபோன பழக்கம் என்று நான் நினைக்கவில்லை. கலைஞனின் பெயரால் பெரிதாக அறச்சீற்றம் கொள்கிறவனைப் பார்த்தால், இவன் கையில் என்ன ரசீது இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. டொனால்ட்ஸனுக்கும் இதே கேள்வி பொருந்தும். வாசகனின் பெயரால் அவன் பேசினான், பணமும் சேர்த்தான். குடும்பத்தின் செல்வம் அவன் மகன் ஜேம்ஸிடம் சேர்ந்து பெருகி, 1830-ல் மகன் இறந்தபோது ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளிக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. ராபின் ஹூட் உவமையை ஜான்ஸன் கேலிக்குத்தான் சொன்னார்.

விமர்சகனுக்கு முக்கியமானது தீர்ப்புக்குப் பிறகு நடந்தது. 1777-ல் ஜான் பெல் என்ற லண்டன்காரர் பிரிட்டிஷ் கவிஞர்களை வரிசையாக, தொகுதி ஒன்றரை ஷில்லிங்குக்கு வெளியிடத் தொடங்கினார். அச்சு எடின்பரோவில். மொத்தம் 109 தொகுதிகள். சாஸரிலிருந்து தொடங்குகிற வரிசை. ஸ்பென்ஸரும் டன்னும் உண்டு. லண்டன் பழைய கடைக்காரர்கள் பதறிப்போனார்கள். தீர்ப்பு வந்து மூன்று வருஷம் ஆகியும் அவர்களுக்கு அது 'நம் சொத்தில் அத்துமீறல்'தான். ஏறக்குறைய 40 பேர் கூடி, போட்டிக்கு ஒரு தொகுப்புப் போடத் தீர்மானித்தார்கள். அதற்கு மதிப்பு வர ஒரு பெரிய பெயர் வேண்டும். மூன்று பேர் ஜான்ஸனைப் பார்க்கப் போனார்கள். அவர் கேட்டது 200 கினி. ஆயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

ஆங்கில விமர்சனத்தின் அஸ்திவாரங்களில் ஒன்றாக நாம் படிக்கிற 'கவிஞர்களின் வாழ்க்கை வரலாறுகள்' பிறந்தது இப்படி. 52 கவிஞர்கள். பட்டியல் ஜான்ஸனுடையது அல்ல, கடைக்காரர்களுடையது. நாலைந்து பேரை மட்டும் அவர் சொல்லிச் சேர்த்தார். கௌலியில் தொடங்குகிறது. சாஸர் இல்லை, ஸ்பென்ஸர் இல்லை. டன்னைப் பற்றிக் கௌலி கட்டுரையில் போகிற போக்கில் பேசுகிறார். அந்தப் போகிற போக்குப் பேச்சு ஒரு நூற்றாண்டுக்கு மேல் டன்னின் மேல் பாறாங்கல்லாகக் கிடந்தது. இதை ஜான்ஸனின் ரஸனையாகவும் யுகத்தின் ரஸனையாகவும் வியாக்கியானம் செய்த பேராசிரியர்கள் அனேகம். ஒன்றரை ஷில்லிங் தொகுதியில் டன் அப்போதே கிடைத்துக்கொண்டிருந்தார் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜான்ஸனின் உரைநடை சிகரம்தான், மறுக்கவில்லை. சிகரம் எந்த நிலத்தில் நிற்கிறது என்று பார்ப்பதும் விமர்சனம்.

டொனால்ட்ஸன் திறந்த வழிக்கு ஒரு நிழலும் உண்டு. பழையது மலிந்தது, புதியது மலியவில்லை. 1814-ல் வேர்ட்ஸ்வொர்த்தின் 'உலா' நூல் 500 பிரதிகள், விலை இரண்டு கினி. விற்றுத் தீரப் பல வருஷங்கள் ஆயின. உயிரோடிருக்கிற கவிஞன் செத்தவர்களோடு விலையில் போட்டியிட வேண்டியிருந்தது. பதிப்புரிமைக் காலத்தை நீட்டச் சொல்லி வேர்ட்ஸ்வொர்த் வருஷக்கணக்கில் போராடினார். 1839-ல் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார். 1842-ல் நீட்டவும் செய்தார்கள். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தரமான கவிதை மெதுவாகத்தான் வாசகனை அடைகிறது, அதற்குள் உரிமை காலாவதியாகிவிடுகிறது என்ற அவரது வாதத்துக்கு டொனால்ட்ஸனிடம் பதில் கிடையாது.

ஆனால் அதே வேர்ட்ஸ்வொர்த், சாஸர், டேனியல், டிரேட்டன் ஆகியோரைத் தமக்குப் பழக்கப்படுத்தியது எது என்று முதுமையில் சொல்லியிருக்கிறார். கப்பல் தொழிலில் இருந்த தம்பி ஜான் கிராஸ்மியர் வீட்டில் விட்டுச்சென்ற ஆண்டர்ஸன் தொகுப்பு அது. பொடி எழுத்து, பக்கத்துக்கு இரண்டு பத்தி. 1790களில் எடின்பரோவில் அச்சானது.