படிவம் எண் 3

கள்ளக்குறிச்சி பக்கம் வடக்கனந்தலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் காலாற நடந்தால், ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் கல்வராயன் மலை. கோல் போஸ்ட்டுக்குப் பதில் இரண்டு ஜோடி செருப்பு. இடது காலால் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருந்த ஒரு பையனிடம், “தம்பி, காலேஜ் டீமா?” என்றேன்.

“ஆமா சார். யுனிவர்சிட்டி டீமுக்கு செலக்ட் ஆகணும். சர்ட்டிஃபிகேட் வந்துட்டா போதும் சார்.”

கவனித்தீர்களா? கோப்பை வந்தால் போதும் என்று அவன் சொல்லவில்லை.

கோப்பை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சர் அசுதோஷ் முகர்ஜி பெயரில், பல்கலைக்கழகங்களுக்கிடையேயான ஆண்கள் கால்பந்துக்கான தேசியக் கோப்பை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி, கல்கத்தா பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். அப்பேர்ப்பட்ட பரம்பரை!

ஆனால், ஆடுவது கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். கோளாறு இங்கேதான். கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூரோடு சேர்ந்திருந்தன. இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு. நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய், ஓரிரு மணி நேரத் தேர்வில் தன் திறமையைக் காட்ட வேண்டும். தேர்வானால், நேற்றுவரை முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து தென்மண்டலப் போட்டி. அதில் ஆரம்பச் சுற்றுகள் நாக்-அவுட். ஒரு தோல்வி, மூட்டையைக் கட்டு. கைதட்ட ஊர்க்காரர் ஒருவரும் இருக்க மாட்டார்.

அமெரிக்காவிலும் கல்லூரி ஆண்கள் கால்பந்து உண்டு. 1959-லிருந்து தேசியப் போட்டி நடக்கிறது. இப்போது 48 அணிகள். அதுவும் நாக்-அவுட்தான். ஆனால், அதற்கு முன்னால் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஒரு முழு சீசன் ஆடிவிட்டுத்தான் வருகிறார்கள். ஆடுவது அந்தந்தக் கல்லூரியே. 2024-ல் தரவரிசையில் இடம்பெறாத வெர்மான்ட், இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் மார்ஷலை 2-1 என்று வீழ்த்தி முதல்முறையாகப் பட்டம் வாங்கியது. டெக்சாஸில் ஒரு சிற்றூரில் பிறந்த கிளின்ட் டெம்ப்சி, ஃபர்மன் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆடித்தான் அமெரிக்க அணிக்கே போனார். அவர்களிடம் பணம் இருக்கிறது, வாஸ்தவம். நான் கேட்பது பணம் அல்ல, ஆட்டங்களின் எண்ணிக்கை.

சர்ட்டிஃபிகேட்டை நான் கேலி செய்யவில்லை. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசு வேலைக்குப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடியதற்கென்றே ‘படிவம் 3’ என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தாள் ஒரு குடும்பத்தையே கரையேற்றும். பையன் கணக்கு தப்பே இல்லை.

தப்பு நம் கணக்கில். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், ரசீது இருக்கிறது, சரக்கு இல்லை. இருபது ஆட்டம் ஆடி வளரவேண்டிய கால்கள், ஒரே மத்தியானத்தில் எடை போடப்படுகின்றன.

பெரிய ஸ்டேடியம் வேண்டாம். மாவட்டத்துக் கல்லூரிகள் ஒன்றோடொன்று, இங்கே ஒரு ஆட்டம், அங்கே ஒரு ஆட்டம் என்று மூன்று மாதம் மோதட்டும். தேர்வாளர் அங்கே வந்து பார்க்கட்டும். நாமும் போய் ஓரமாக உட்காருவோம். உங்கள் ஊர்க் கல்லூரி கடைசியாக யாரோடு மோதியது, சொல்லுங்கள் பார்ப்போம்.

எனக்கும் தெரியாதுதான். கிளம்பும்போது அந்தப் பையன் கேட்டான்: “சார், ஒரு ஆள் குறையுது. கோல்ல நிக்கிறீங்களா?”

நின்றேன். மூன்று வாங்கினேன். மூன்றும் அவனுடைய இடது கால்.