துப்பாக்கியும் தொலைக்காட்சியும்

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மீது பாடப்படுவது பரணி என்பது பாட்டியல் நூலார் கொள்கை. கலிங்கத்துப்பரணியைக் கற்போர் எவரும் அந்த யானைகளை எண்ணிப் பார்க்கப் புகுவதில்லை. பேய்கள் களத்திலே கூழ் அடுவதைக் கேட்கும்போது, இஃது உயர்வு நவிற்சி என்பதைப் புலவனும் அறிவான், கேட்போனும் அறிவான். இருவருக்கும் இடையே உள்ள இவ்வுடன்பாட்டினாலே அங்கே பொய்யும் குற்றமாவதில்லை. ஆனால், நடந்ததை நடந்தவாறே காட்டுவதாகக் கூறிக்கொண்டு வரும் விவரணச் சித்திரத்துக்கு அத்தகைய உரிமை கிடையாது. அது தன்மை நவிற்சியின் பெயராலே வருவது. அப்பெயரோடு வந்து, உயர்வு நவிற்சிக்குரிய ஆரவாரத்தையும் அது தேடுமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? படைத்துறைத் துப்பாக்கிகளைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் 1990களின் இறுதிமுதல் தயாரித்து வந்த நிகழ்ச்சிகள் இவ்வினாவை எழுப்புகின்றன. செய்மதியின் வழியாகவும் இணையத்தின் வழியாகவும் அவற்றை உலகின் பல பாகங்களிலும் இளைஞர் கண்டு வருதலின், இவ்வினா அமெரிக்கருக்கு மாத்திரம் உரியதன்று.

இவ்வகை நிகழ்ச்சிகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது, ஹிஸ்டரி சனல் 2002 முதல் 2009 வரை ஒளிபரப்பிய 'மெயில் கோல்' ஆகும். படைக்கலங்கள் பற்றி நேயர்கள் கடிதம் எழுதிக் கேட்பர், ஆர். லீ எர்மி என்பார் அவற்றை வாசித்து விடை கூறுவார். எர்மி 1961இல் அமெரிக்க மரைன் படையிற் சேர்ந்தவர்; புதிதாய்ச் சேர்வோரைப் பயிற்றும் ஆசானாக இருந்தவர்; 1987இல் வெளிவந்த 'ஃபுல் மெற்றல் ஜாக்கெற்' என்னும் திரைப்படத்தில் அத்தகைய ஆசானாகவே நடித்துப் புகழ் பெற்றவர். நிகழ்ச்சியிலும் அவர் அவ்வேடத்தைக் களைவதில்லை. கேள்வி கேட்டவரை அதட்டுவார், உறுமுவார், இடையிடையே நகைப்பார். இது வெறுங் கூத்து என்று ஒதுக்குதல் எளிது. ஆயினும் அந்த அதட்டலின் நடுவே சொல்லப்படும் செய்தி பெரும்பாலும் செம்மையானது. ஒரு துப்பாக்கியின் பெயர், அது எப்போரில் வழங்கியது, எவ்வாறு இயங்குகிறது என்பவற்றை அரைமணி நேரத்துக்குள் விளங்க வைத்தவர் அவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய ஆரவாரம் ஆரவாரம் என்று எவருக்கும் தெரிந்தது. பரணி பாடிய புலவனுக்கும் கேட்டோனுக்கும் இருந்த உடன்பாடு அங்கே ஓரளவு இருந்தது எனலாம்.

அவருடைய நிகழ்ச்சியிற் குறை காண வேண்டுமாயின் அது குரலில் இல்லை, வத்தகப்பழத்தில் இருக்கிறது. எர்மி வத்தகப்பழங்களைப் பகைவராகக் கொண்டு சுட்டுத் தள்ளுவார். செந்நிறச் சதை நாற்புறமும் சிதறும், காண்போர் களிப்பர். அக்காட்சி ஒன்றை மெய்ப்பிப்பது போலத் தோன்றுகிறது. உண்மையில் எதனையும் மெய்ப்பிக்கவில்லை. விரைந்து செல்லும் ரவை தன்னைச் சூழ்ந்த பொருளைக் கணப்பொழுது புறத்தே தள்ளி ஒரு குழியை உண்டாக்குகிறது. மனிதத் தசை இழுபடுந் தன்மையுடையது; ஆதலின் அக்குழி பெரும்பாலும் மீளச் சுருங்கிவிடும். நீர் நிறைந்த வத்தகப்பழத்துக்கு அந்நெகிழ்ச்சி இல்லை. அதன் தோல் வெடித்துச் சிதறுகிறது. எனவே பழம் சிதறுவதைக் கண்டு ரவையின் வலிமையை அளப்பவன் பழத்தின் இயல்பையே அளக்கிறான். ஆய்வாளர் இதற்கெனப் பதமான ஜெலற்றின் பாளங்களைப் பயன்படுத்துகின்றனர். அவை பழத்தைப் போலச் சிதறிக் கண்ணைக் கவர்வன அல்ல. ரவை எத்துணை ஆழம் சென்றது என்பதை அளவுகோல் கொண்டு பார்த்துக் குறிக்க வேண்டும்.

'மெயில் கோல்' இவ்வளவில் நின்றது. பின் வந்தவை நிற்கவில்லை. டிஸ்கவரி சனலில் 2006 முதல் 2008 வரை வந்த 'பியூச்சர் வெப்பன்ஸ்' நிகழ்ச்சியில், கடற்படைச் சிறப்பு வீரராயிருந்த ரிச்சட் மக்கோவிச், ஒவ்வொரு புதுப் படைக்கலத்தையும் நாளைய போரின் விதியை மாற்றவல்லது என்னும் பாவனையிலே தாழ்ந்த குரலில் அறிமுகப்படுத்துவார். ஆக்கியோரின் விளம்பரத்துக்கும் ஆராய்வோரின் முடிவுக்கும் இடையே இருக்க வேண்டிய கோடு அங்கே அழிந்து போயிற்று. அக்காலத்தில் இத்துறையில் மிகுதியும் விளம்பரம் பெற்ற ஓர் எண் இதற்குத் தக்க சான்றாகும். அவுஸ்திரேலியாவின் மெற்றல் ஸ்டோர்ம் என்னும் கம்பனியார், நிமிடத்துக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ரவைகளைச் சுடும் வேகமுடைய கருவியைச் செய்தனர். அந்த எண் பொய்யன்று. ஆனால் 36 குழல்கள் கொண்ட அம்மாதிரிக் கருவி உண்மையிற் சுட்டவை 180 ரவைகள். அதற்குச் சென்ற நேரம் ஒரு விநாடியின் நூற்றிலொரு பங்கு. அவ்வளவோடு குழல்கள் வெறுமையாகிவிடும். நூற்றிலொரு விநாடியை நிமிடமாகப் பெருக்கியவுடன் 180 பத்து இலட்சமாயிற்று. கீழ்வகுப்பு மாணவனும் செய்யத்தக்க இப்பெருக்கலைத் திருப்பிச் செய்து காட்டுவதே விவரணச் சித்திரத்தின் கடமை. அக்கம்பனி 2012இல் நொடித்தது.

ஸ்பைக் தொலைக்காட்சியில் 2009 முதல் 2011 வரை வந்த 'டெட்லியஸ்ட் வோரியர்' பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. ஒருவரையொருவர் ஒருபோதும் களத்திற் சந்தித்திராத வீரர்களை எதிரெதிரே நிறுத்தி, கணினியில் ஆயிரம் முறை பொருதச் செய்து, வென்றவர் இவர் என்று அது தீர்ப்பளித்தது. ஐரிஷ் குடியரசுப் படையினரும் தாலிபான்களும் இவ்வாறு மோத விடப்பட்டனர். பரணிக்கு ஆயிரம் யானைகள். இதற்கு ஆயிரம் போர்கள். புலவன் தன் ஆயிரத்தை அறிவியல் என்று சொன்னதில்லை.

ஆரவாரமும் செம்மையும் ஒன்றுக்கொன்று பகையாயே தீரவேண்டும் என்ற முடிவுக்கு இவற்றைக் கொண்டு வருதல் பொருந்தாது. 2003இல் தொடங்கிய 'மித்பஸ்டேர்ஸ்' நிகழ்ச்சியில் வெடியும் புகையும் வேண்டிய மட்டும் உண்டு. ஆயினும் அங்கே வேடிக்கை சோதனைக்குப் பணி செய்தது. நீரில் மூழ்கியவன் துப்பாக்கி ரவைக்குத் தப்புவானா என்பதை அவர்கள் 2005இல் ஆராய்ந்தனர். மிகப் பெரிய துப்பாக்கியே மிக ஆழமாகத் தாக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்தது மறுதலை. அரை அங்குல விட்டமுள்ள பெருந் துப்பாக்கியின் ரவை உட்பட, ஒலியினும் மிக விரைந்து சென்ற ரவைகள் நீரில் மோதிய அதிர்ச்சியால் மூன்றடிக்குள் உடைந்து போயின. மெல்லச் செல்லும் கைத்துப்பாக்கி ரவைக்குத் தப்பவே ஏறத்தாழ எட்டடி நீர் வேண்டியிருந்தது. கூத்தாடிகளைப் போன்ற அவர்கள், தாம் எதிர்பாராத முடிவைக் கண்டு வியந்து நிற்கும் அக்கணம் பல வகுப்பறைகளில் காணக்கிடையாதது.

அவர்களும் தவறினர், தவறிய விதமே இங்கு நோக்கத்தக்கது. வியற்நாம் போரில் கார்லோஸ் ஹத்கொக் என்னும் அமெரிக்கக் குறிசூட்டு வீரர், எதிரியின் துப்பாக்கியிற் பொருத்திய தொலைநோக்கியின் ஊடாகவே சுட்டு அவனை வீழ்த்தினார் என்பது வழக்கு. 2006இல் இதனைச் சோதித்தவர்கள் இயலாதென்று கூறினர். நேயர்கள் விடவில்லை. சோதனைக்கு எடுத்துக்கொண்ட தொலைநோக்கியில் வில்லைகள் மிகுதி என்றும், அக்காலத்து எதிரிகளிடம் இருந்தது எளிய அமைப்புடையது என்றும் எடுத்துக் காட்டினர். அடுத்த ஆண்டில் அக்காலத்துக்குரிய கருவியைத் தேடிப் பெற்று, கவசம் துளைக்கும் ரவை கொண்டு மீளவும் சுட்டுப் பார்த்து, நடந்திருக்கக்கூடியதே என்று தம் தீர்ப்பை அவர்கள் மாற்றிக்கொண்டனர். சொன்ன தீர்ப்பை அதே மேடையில் நின்று திருத்துதல் தொலைக்காட்சியில் அருமையினும் அருமை. புலமையுலகிலும் அது மலிந்து கிடப்பதன்று.

இங்ஙனம் செம்மையை வற்புறுத்துவது பண்டிதர் பிடிவாதமா என்று ஒருவர் கேட்கலாம். தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகட்டையும் அவற்றைக் கொள்ளும் பெட்டியையும் ஒரே பெயரால் அழைப்பது போன்ற சிறு பிழைகளுக்கு அக்கேள்வி பொருந்தும். எம்-16 றைபிளின் வரலாற்றுக்குப் பொருந்தாது. மிலிட்டரி சனல் சிறந்த பத்துப் போர்த் துப்பாக்கிகளைத் தரப்படுத்தியபோது ஏ.கே.-47ஐ முதலாவதாகவும் எம்-16ஐ இரண்டாவதாகவும் வைத்தது. ஒன்று சேற்றிலும் சுடும், மற்றது காட்டிலே சிக்கிக்கொண்டது என்னும் எளிய கதையே பலர் மனத்தில் நிலைத்தது. அது ஏன் சிக்கிக்கொண்டது? அமெரிக்கப் படைத்துறையினர் இத்துப்பாக்கிக்கு முதலில் வகுத்த வெடிமருந்தை மாற்றி வேறொன்றை வழங்கினர். அதனாற் சுடும் வேகம் மிகுந்தது, கசடும் மிகுந்தது. தோட்டா அறைக்குக் குரோமியம் பூசப்படவில்லை. ஈரமிகு நாட்டில் அது துருவேறியது. இத்துப்பாக்கியைத் துடைக்க வேண்டிய தேவை குறைவு என்ற எண்ணத்தால், துடைக்கும் கருவிகளும் பயிற்சியும் போதிய அளவு கொடுக்கப்படவில்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு அறைக்குள் இறுகிவிட்டால், குழலின் வாய்வழியாகக் கம்பியை நுழைத்து அதனைத் தள்ளல் வேண்டும். அக்கம்பியும் இல்லாத வீரன் எதிரியின் முன்னே வெறுங்கையனாவான். படையினர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் காங்கிரசு வரை எட்டின. 1967இல் றிச்சட் ஐக்கோட் தலைமையில் அமைந்த உபகுழு விசாரித்துக் கடுமையான அறிக்கை வெளியிட்டது. பின்னர் அறைக்குக் குரோமியம் பூசினர். துடைக்கும் கருவிகளை வழங்கினர். சிக்கல் பெரிதுங் குறைந்தது.

பொறியின் குற்றமாகக் கதை சொல்லப்படும்போது, மேசையிலிருந்து ஆணையிட்டோர் கதையிலிருந்து நழுவிவிடுகின்றனர். இறந்தவருக்கு இழைத்த அநீதி இரட்டிக்கிறது. இதனைத் திரையிற் காட்டுதல் அரிதுமன்று. இருவகை மருந்திட்ட தோட்டாக்களையும் ஒரே துப்பாக்கியில் இட்டுச் சுட்டு வேகத்தை அளக்கலாம். குரோமியம் பூசிய அறையையும் பூசாத அறையையும் சில வாரம் ஈரத்தில் வைத்துப் பார்க்கலாம். இறுகிய கூட்டைக் கம்பியாலே தள்ளி எடுக்க ஒருவனுக்கு எத்தனை விநாடி செல்கிறது என்று கடிகாரம் வைத்துக் காட்டலாம். தொலைநோக்கி ஒன்றுக்காக மித்பஸ்டேர்ஸ் குழுவினர் காட்டிய பொறுமை இதற்குப் போதும். எர்மியின் அதட்டற் குரலும் இதற்கு இடையூறாக இராது.