குழாய்த் தண்ணீரும் கொடும் பேயும்

இருண்ட அறை. கட்டிலிலே கட்டுண்டு கிடக்கிறாள் 12 வயதுச் சிறுமி. முகமெல்லாம் புண், வாயினின்று வருவதோ வயது முதிர்ந்த, கரகரத்த குரல். எதிரே பாதிரிமார் இருவர், கையிலே மறைநூல், உதட்டிலே வேண்டுதல். ஒருபுறம் நன்மையாம், மறுபுறம் தீமையாம். இரண்டுக்கும் போர்க்களம் ஒரு பெண் குழந்தையின் உடலாம்!

வில்லியம் பிரீட்கின் இயக்கி, 1973 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' எனும் திரைப்படத்தைத்தான் கூறுகிறேன். பேயோட்டி என்பது அப்பெயரின் பொருள். வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971-இல் எழுதிய நாவலே படமாயிற்று. திரைக்கதையும் அவரே எழுதி, ஆஸ்கர் பரிசும் பெற்றார். பேய்ப் படங்களுக்கு ஆசான் என்று இன்றளவும் போற்றப்படும் படம் இது.

"பார்த்தோம், பயந்தோம், மறந்தோம் என்று விடலாகாதா? படந்தானே!" என்று தோழர் சிலர் கேட்பர். படந்தானே என்று சொல்லும் உரிமை மற்றவர்க்கு இருக்கலாம், நமக்கு இல்லை. 1952-இல் 'பராசக்தி' என்ற ஒரு படம் நாட்டை எப்படி உலுக்கிற்று என்பதை அறிந்த இயக்கம் இது. திரை மக்கள் உள்ளத்தை உழும் கலப்பை என்று நாம் நம்பினோம், பயன் கண்டோம். அந்தக் கலப்பையைப் பிறர் பிடிக்கும்போது, என்ன விதைக்கிறார் என்று பார்க்க வேண்டாமா?

கதை எளிது. வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதி. கணவனைப் பிரிந்து வாழும் நடிகை ஒருத்தி. அவள் மகள் ரீகன். சிறுமியின் நடத்தை திரிகிறது, வலிப்பு வருகிறது, வசை பொழிகிறாள். மருத்துவர் வருகின்றனர். கழுத்துக் குருதிக் குழாயிலே ஊசி ஏற்றி, மூளையைப் படம் பிடிக்கின்றனர். நோய் புலப்படவில்லை. கடைசியில், பேயோட்டும் சடங்கு பயன் தரலாம் என்று மருத்துவர் கூட்டமே சொல்கிறது! பேய் உண்டு என்பதற்காக அல்ல. நம்பிக்கையால் வந்த நோய் நம்பிக்கையாலேயே தீரவும் கூடும் என்ற மனவியல் காரணம் காட்டி. அழைக்கப்படுகிறார் கேரஸ் எனும் பாதிரி. அவர் மனநோய் மருத்துவமும் கற்றவர். நம்பிக்கை தளர்ந்து தவிப்பவர்.

இங்கேதான் படத்தின் உயிர்நிலை இருக்கிறது. கேரஸ் ஒரு சோதனை செய்கிறார். இது புனித நீர் என்று சொல்லிச் சிறுமியின் மீது தெளிக்கிறார். எரிகிறது, எரிகிறது என்று துடிக்கிறாள் அவள். ஆனால், தெளித்ததோ வெறுங் குழாய்த் தண்ணீர்!

என்ன அருமையான சோதனை! பேய் பிடித்தது உண்மையாயின், எது புனித நீர், எது குழாய் நீர் என்று அந்தப் பேய்க்குத் தெரியாதா? தெரியவில்லை. ஆகவே துடித்தது உள்ளம், பேயன்று. பகுத்தறிவாளன் பல்லாண்டு பேசி விளக்கவேண்டிய உண்மையை ஒரு சொட்டுத் தண்ணீரில் காட்டிவிட்டார் பிளாட்டி. கைதட்டலாம் என்று கையை உயர்த்துகிறோம். உயர்த்திய கை அப்படியே நிற்கிறது! அடுத்துச் சிறுமியின் வயிற்றுத் தோலிலே எழுத்துக்கள் தாமாகப் புடைத்து எழுகின்றன. பிறகு தலை முதுகுப்புறம் சுழல்கிறது. உடல் அந்தரத்தில் மிதக்கிறது. சோதனை சொன்ன விடை காற்றோடு போயிற்று.

இதுவா நேர்மை? இது ஒரு வழக்கு மன்றம் போலத் தோன்றுகிறது. மருத்துவன் சான்று கூறுகிறான். மனவியல் அறிஞன் சான்று கூறுகிறான். ஐயப்படுவோனுக்கும் இடம் உண்டு. ஆனால், வழக்காடுபவனும் அவனே, சான்று படைப்பவனும் அவனே, தீர்ப்பு எழுதுபவனும் அவனே என்றால், அது மன்றமாகுமா? அறிவியலைக் கூண்டிலே ஏற்றி, வாய்ப்பூட்டுப் போட்டு, "பார், பதில் இல்லை!" என்று கூறுவது வாதமன்று, வித்தை.

வித்தை எப்படி நடந்தது என்பதும் இன்று மறைவன்று. பேயின் குரல் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் எனும் நடிகையின் குரல். மூச்சு புகையாகத் தெரிவதற்காக, படுக்கையறைக் காட்சிக் கூடத்தையே கடுங்குளிரில் உறையச் செய்தனர். சுழன்ற தலை பொம்மையின் தலை. முதிய பாதிரி மெரினாக வரும் மேக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது. கிழவராக்கியவர் ஒப்பனைக் கலைஞர் டிக் சுமித். சிறுமியின் முகத்தில் புண் வரைந்ததும் அவர் கைதான். தீமையின் கோரமும் நன்மையின் நரையும் ஒரே ஒப்பனைப் பெட்டியிலிருந்து வந்தவை! கலைஞர்களின் திறமையை மனமாரப் பாராட்டுவோம். அத்திறமையைச் சான்று என்று மட்டும் ஏற்க மாட்டோம்.

தீமை எங்கிருந்து வருகிறதாம்? படத்தின் தொடக்கம் இராக்கிலே, பழங்கால இடிபாடுகளிடையே. அங்கே நிற்கிறது பசூசு என்ற சிறகுடைய சிலை. அதுவே அமெரிக்கச் சிறுமியைப் பிடித்த பேயின் உருவாம். வரலாறு கூறுவதைக் கேளுங்கள். பசூசு மெசபொத்தேமிய மக்கள் அஞ்சிய காற்றுப் பேய்தான். ஆனால், கருவுற்ற பெண்களையும் பச்சிளங் குழந்தைகளையும் தாக்குவதாக அவர்கள் நம்பிய லமாசுது எனும் பெண் பேயை விரட்ட, இந்தப் பசூசுவின் தலையையே காப்பாக அணிந்தனர். பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள பசூசுவின் வெண்கலச் சிலையிலே, கட்டித் தொங்கவிட வளையமும் உண்டு. ஒரு நாட்டுத் தாய் தன் குழந்தையைக் காக்க மாட்டிய காப்பு, இன்னொரு நாட்டுப் படத்திலே குழந்தையைக் கொல்லவரும் கூளி! நன்மையும் தீமையும் வானத்திலே எழுதப்பட்டவை என்போர் இதற்கு விடை கூறட்டும்.

இன்னொன்று. இந்நாவலுக்கு வித்திட்டது 1949-இல் அமெரிக்க நாளேடுகளில் வந்த ஒரு பேயோட்டுச் செய்தி. அதிலே பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவன் ஒரு சிறுவன். கதையிலே சிறுமியானாள். அடையாளத்தை மறைக்க வேண்டும் என்பது காரணமாக இருக்கலாம். ஆயினும் விளைவென்ன? ஆண்துணை இல்லா வீடு, வேலைக்குப் போகும் தாய், கடவுள் நம்பிக்கை அற்றவள், பூப்பெய்தும் பருவத்து மகள் – அங்கே பேய் புகுகிறது. அங்கி அணிந்த ஆடவர் வந்து மீட்கின்றனர். பெண்ணின் உடலே சாத்தானின் வாயில் என்ற பழம் பாட்டுக்குப் புது மெட்டு!

குறை மட்டும் கூறுவது திறனாய்வன்று. படத்திலே என் நெஞ்சைத் தொட்ட காட்சி ஒன்று உண்டு. அதில் பேய் இல்லை. கேரசின் தாய் நியூயார்க்கிலே தனியே வாழும் ஏழைக் கிழவி. நோயுற்ற அவளைப் பொது மருத்துவமனையின் மனநோயர் பகுதியில் கிடத்தியிருக்கின்றனர். பாதிரியாகாமல் மருத்துவத் தொழில் செய்திருந்தால் அவளை நல்ல இடத்தில் வைத்திருக்கலாமே என்று உறவினர் குத்திக் காட்டுகிறார். மகனைப் பார்க்க மறுத்து முகம் திருப்புகிறாள் தாய். பிறகு தனிமையிலே இறக்கிறாள். தீமை வேண்டுமா? இதோ இருக்கிறது! வறுமை, முதுமையின் தனிமை, பணமிருந்தால் ஒரு மருத்துவம், இல்லாவிட்டால் வேறொன்று என்ற நிலை. இவற்றை ஓட்ட எந்த மறைநூலில் வாசகம் இருக்கிறது? கேமரா இதைக் கண்டது, கதை கண்டுகொள்ளவில்லை. பழியைச் சிலையின்மேல் போட்டுவிட்டு நடந்தது.

முடிவும் கவனிக்கத் தக்கது. சடங்கு சிறுமியை மீட்கவில்லை. சடங்கின் நடுவிலேயே முதிய பாதிரி மாள்கிறார். கேரஸ் தன்னைப் பற்றுமாறு பேயை அழைத்து, சன்னல் வழியே பாய்ந்து உயிர் விடுகிறார்; குழந்தை பிழைக்கிறாள். பக்தியை வலுப்படுத்த எழுதிய பிளாட்டியின் கதையிலேயே வென்றது வேதமன்று. பிறர்க்கென உயிர் தரும் மனித அன்பு! இந்த உண்மையை மட்டும் சொல்லியிருந்தால் படத்தை நாமே தெருத்தெருவாகக் கொண்டு சென்றிருப்போம்.

திரையிலே சிறுமி பிழைத்தாள். தரையிலே என்ன நடந்தது? செருமனியின் கிளிங்கன்பெர்க்கில் 23 வயது மாணவி ஒருத்தி. வலிப்பு நோய்க்கு மருத்துவம் பெற்றவள். ஆயரின் இசைவுடன் 1975 முதல் 67 முறை பேயோட்டும் சடங்கு நடத்தினர். 1976 சூலையில் பட்டினியாலும் நீரிழப்பாலும் அவள் மாண்டாள். பெற்றோரும் பாதிரிமார் இருவரும் கவனக்குறைவால் சாவு நேரச் செய்த குற்றத்துக்காக 1978-இல் தண்டிக்கப்பட்டனர். அங்கே கட்டில் மிதக்கவில்லை, தலை சுழலவில்லை, பெண் எலும்பும் தோலுமாகி இறந்தாள். அவ்வளவுதான்.

தொலைவில் நடந்தது என்று தள்ளவும் முடியாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினர். 28 உயிர்கள் போயின. நோய் நீங்கும் என்ற நம்பிக்கையில் தருகாவை நாடி உறவினர் கொண்டுவந்து விட்ட மக்கள் அவர்கள். மனநோயாளியைச் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகிறது. சட்டம் காகிதத்தில் சங்கிலியை அறுக்கும்; உள்ளத்துச் சங்கிலியை அறுப்பது யார்? பாதிரியானால் என்ன, பூசாரியானால் என்ன, எந்த மதத்து மந்திரவாதியானால் என்ன, கட்டப்படும் கை ஏழையின் கை. பெரும்பாலும் பெண்ணின் கை.

வலிப்பு நோய் மற்ற நோய்களைவிடத் தெய்வீகமானதன்று, அதற்கும் இயற்கைக் காரணம் உண்டு என்று கிரேக்க நாட்டு மருத்துவ நூல் ஒன்று சொல்லி ஏறத்தாழ 2400 ஆண்டுகள் ஆயின. இன்னும் நாம் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. சலிப்பா? சலிக்கலாகாது.

படத்தைப் பார்க்காதீர் என்று நான் கூறவில்லை. தடை கேட்பது அஞ்சுவோரின் வழி. பாருங்கள், நண்பரையும் அழைத்துச் செல்லுங்கள். பார்த்துத் திரும்பும் வழியில், நடுங்கும் தம்பியிடம் தங்கையிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அந்தக் குழாய்த் தண்ணீர் ஏன் எரிந்தது?"

அக்கேள்விக்கு அவர்கள் தாமாக விடை காணும் இரவிலே, அந்த வீட்டைவிட்டுப் பேய் போய்விடும்.