புள்ளி வழங்கும் விமர்சனம்: பிரித்தானியக் கணினி விளையாட்டுச் சஞ்சிகைகள் பற்றி

ஒரு கலைவடிவம் தோன்றும் வேளையிலேயே அதனை ஆராயும் விமர்சனமும் உடன் தோன்றுதல் அரிது. பெரும்பாலும் படைப்பு முன்னே செல்ல, விமர்சனம் பல ஆண்டுகள் கழித்தே அதனைத் தொடர்கிறது. ஆனால் 1980களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் வீட்டுக் கணினி விளையாட்டுக்கள் பிறந்தபோது, அவற்றுடன் ஏறத்தாழ ஒரே தொட்டிலிற் கிடந்தன அவற்றைப் பற்றிய சஞ்சிகைகள். இன்று இணையத்தில் அச்சஞ்சிகைகளின் பழைய இதழ்கள் எவருக்கும் படிக்கக் கிடைக்கின்றன. இளமைக்கால நினைவுகளுக்காக அவற்றைப் புரட்டுவோர் பலர். அவர்களை நாம் குறை கூறவில்லை. எனினும் இலக்கிய விமர்சனத்தில் அக்கறை கொண்டோர் அவற்றிற் கற்க வேண்டியது வேறொன்று உண்டு. வாசகனைப் படைப்பாளியாகக் கருதித் தொடங்கிய ஓர் எழுத்து முயற்சி, சில ஆண்டுகளுக்குள்ளேயே அவனை வாடிக்கையாளனாக மாற்றியது எவ்வாறு என்பதே அது.

காலப் பின்னணியை முதலில் நோக்குதல் வேண்டும். 1982 ஜனவரியில் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டைத் தச்சர் அரசாங்கம் தகவல் தொழில்நுட்ப ஆண்டு எனப் பெயரிட்டுக் கொண்டாடியது. பி.பி.சி. கணினி அறிவைப் பரப்பும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. ஆலைகள் மூடப்படும் நாட்டில், ஒவ்வொரு பிள்ளையும் கணினி கற்றால் எதிர்காலம் உண்டு என்பது ஆட்சியாளர் கூறிய ஆறுதல். பி.பி.சி.யின் பெயர் தாங்கிய கணினியின் விலை 399 பவுண். தொழிலாளர் குடும்பத்துக்கு எட்டாத தொகை. ஆனால் சின்கிளேயர் நிறுவனத்தின் இசற்.எக்ஸ். 81 என்னும் சிறு கணினியை 1981 இல் 70 பவுணுக்குள் வாங்க முடிந்தது; உதிரிப் பாகங்களாக வாங்கித் தாமே பொருத்திக் கொள்வோருக்கு 50 பவுணுக்குள். 1982 ஏப்பிரலில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் 125 பவுணிலிருந்து கிடைத்தது. இவ்விரண்டையும் ஸ்கொத்லாந்தின் டண்டி நகரில் ரைமெக்ஸ் ஆலைத் தொழிலாளர் பொருத்தினர். அவர்களுட் பெரும்பான்மையோர் பெண்கள். இச்சஞ்சிகைகளில் நாம் படித்த இதழ்கள் எதிலும் அப்பெண்களின் கைகளைப் பற்றி ஒரு வரியையும் காணவில்லை.

ஆரம்ப காலச் சஞ்சிகைகளின் பக்கங்களை நிரப்பியவை நிரல்கள். வரிக்கு ஓர் இலக்கமிட்டு, பேசிக் மொழிக் கட்டளைகள் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டிருந்தன. வாசகன் அவற்றை ஒவ்வோர் எழுத்தாக விசைப்பலகையில் அடித்தால்தான் விளையாட்டு அவனுக்குக் கிட்டும். அச்சுப்பிழை இருந்தால் இயங்காது. அடுத்த மாத இதழில் திருத்தம் வரும். அதற்குள் வாசகனே பிழையைக் கண்டுபிடித்திருப்பான். இதனை வசதியின்மையின் விளைவு என்று ஒதுக்கிவிடலாகாது. இங்கே வாசித்தலும் படைத்தலும் ஒரே செயலாக இருந்தன. ஒரு வரியை மாற்றினால் என்ன நிகழும் என்று அறிய விரும்பியவனுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. 'யுவர் கொம்பியூட்டர்' சஞ்சிகையில் 1983 இல் டேவிட் ஹோர்ன் வெளியிட்ட சதுரங்க நிரல் இதற்கு உன்னதமான எடுத்துக்காட்டு. இசற்.எக்ஸ். 81 இன் ஒரேயொரு கிலோபைட் நினைவகத்துள், 672 பைட்டுக்களில், சில விதிகளை மட்டும் விட்டுவிட்டு, எதிர்த்து ஆடக்கூடிய ஒரு சதுரங்கத்தை அவர் அடக்கினார். வெண்பாவின் கட்டுப்பாட்டுக்குள் நின்று கருத்தைச் செறிவாக்கும் புலவனின் உழைப்பை மதிக்கத் தெரிந்த எவரும் இதனையும் மதிப்பர். அது கடையில் விற்கும் பண்டமாக அன்றி, சஞ்சிகைப் பக்கத்தில் எவரும் பார்த்துப் பயிலத்தக்க பாடமாகவே வந்தது என்பது எமக்கு முக்கியமானது.

இந்நிலை நீடிக்கவில்லை. கடைகளில் ஒலிநாடாவில் விற்கப்பட்ட விளையாட்டுக்கள் நுட்பத்தில் வளர்ந்தன; அடித்து உள்ளிடும் நிரல்கள் அவற்றோடு போட்டியிட இயலவில்லை. 1984 பெப்ரவரியில் ஷ்ரொப்ஷயர் மாநிலத்தின் சிற்றூராகிய லட்லோவிலிருந்து 'கிராஷ்' வெளிவந்தது. தபால் மூலம் விளையாட்டு விற்ற ஒரு விலைப்பட்டியலே அதன் மூலவித்து என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும். அதன் விமர்சகருட் பலர் அவ்வூர்ப் பாடசாலை மாணவர். ஒவ்வொரு விளையாட்டையும் மூவர் ஆடி, தத்தம் கருத்தைத் தனித்தனியே எழுதினர். மூவரும் முரண்படவும் கூடும். பல்கலைக்கழகப் பட்டமோ இலண்டன் இலக்கிய வட்டத் தொடர்போ இல்லாத பதினைந்து பதினாறு வயதினர் அச்சில் தீர்ப்புக் கூறினர். 1986 அளவில் மாதம் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. இதிலுள்ள சனநாயகப் பண்பை மறுப்பது நேர்மையன்று. அவ்விளைஞர் எழுதியவற்றில் நகைச்சுவையும் துணிச்சலும் உண்டு. மோசமான விளையாட்டை மோசம் என்று கூற அவர்கள் தயங்கியதில்லை.

ஆயினும் அவர்கள் கையிற் கொடுக்கப்பட்ட அளவுகோல் யாது? கணினியைப் பயன்படுத்திய விதம், வரைபடம், ஆடத்தக்க தன்மை, தொடங்கும் எளிமை, அடிமைப்படுத்தும் இயல்பு, கொடுத்த பணத்துக்கான பெறுமதி, ஈற்றில் மொத்தம். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி. அடிமைப்படுத்தும் இயல்பு ஒரு சிறப்பாகக் கணிக்கப்பட்டதைப் பார்த்துச் சிரிப்பதோடு நாம் நின்றுவிடலாம். ஆனால் ஆசிரியத் தொழிலில் உள்ள எம் வாசகர் நன்கறிவர்: புள்ளித் திட்டத்தில் இடம்பெறாத ஒன்றை மாணவன் எத்துணைச் சிறப்பாக எழுதினாலும் அதற்குப் புள்ளி இல்லை, நாளடைவில் அதனை எழுதும் எண்ணமும் அவனுக்கு வருவதில்லை. இவ்விளையாட்டு எதைச் சொல்கிறது, யாருடைய பக்கத்தில் நின்று சொல்கிறது என்னும் வினாவுக்கு அத்திட்டத்தில் ஒரு கட்டமும் இல்லை.

அதன் விளைவைக் காண 1984 ஆம் ஆண்டு ஒன்றே போதும். அவ்வாண்டு மார்ச்சில் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்துத் தோல்வியில் முடிந்தது. அதன் நடுவே, யோர்க்ஷயரின் ஷெபீல்ட் நகரிலிருந்து கிறெம்ளின் கிறபிக்ஸ் என்னும் நிறுவனம் 'வோன்ரட்: மொன்ரி மோல்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஆக்கியவர் பீற்றர் ஹராப். மொன்ரி என்னும் அகழெலி குளிருக்கு அஞ்சி, தென் யோர்க்ஷயர்ச் சுரங்கமொன்றில் நிலக்கரி திருடச் செல்கிறது. அதற்கு எதிரியாக நிற்பவர் யார்? சுரங்கங்களை மூட முனைந்த நிலக்கரிச் சபையல்ல. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஆர்தர் ஸ்கார்கில். குளிரில் நடுங்கும் சாதாரண சீவன் ஒருபுறம், பிடிவாதமான சங்கத் தலைவன் மறுபுறம். அக்காலத்து முதலாளித்துவப் பத்திரிகைகள் நாள்தோறும் தீட்டிய அதே சித்திரம். போராடும் தொழிலாளிக்கும் அதே குளிர் உண்டு என்பதை இவ்விளையாட்டு மறைத்துவிடுகிறது.

ஹராப் தீய நோக்கத்துடன் இதனைச் செய்தார் என்று நாம் கூறவில்லை. செய்தித்தாளில் அடிபட்ட ஒன்றைக் கேலிக்கு எடுத்துக்கொண்ட இளைஞரின் குறும்பாக அது இருக்கலாம். விளையாட்டும் நன்கு அமைந்ததே. எமது முறைப்பாடு விமர்சனத்தைப் பற்றியது. சுரங்கக் கிராமங்களில் சமூக உணவுக்கூடங்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில், வரைபடத்துக்கு இத்தனை, பெறுமதிக்கு இத்தனை என்று இதற்கும் கணக்குப் பார்த்தால், படைப்பின் பாதியை அளவுகோலே கண்ணுக்கு மறைத்துவிடுகிறது.

மத்தியூ ஸ்மித்தின் இரு படைப்புக்களும் இதே குறைக்கு உள்ளானவை. வேலையின்மையாற் சிதைந்த மெர்சிசைட் பிரதேசத்தைச் சேர்ந்த இப்பதின்வயதினர் 1983 இல் 'மனிக் மைனர்' செய்தார். வில்லி என்னும் சுரங்கத் தொழிலாளி, கைவிடப்பட்ட சுரங்கத்தின் இருபது குகைகளைக் கடந்தாக வேண்டும். மூச்சுக்காற்று ஒவ்வொரு கணமும் குறைந்துகொண்டே செல்லும். தோற்றால் மேலிருந்து ஒரு பெரிய பூட்ஸ் இறங்கி அவனை நசுக்கும். அடுத்த ஆண்டு வந்த 'ஜெற் செற் வில்லி'யில் அதே வில்லி சுரங்கச் செல்வத்தாற் பணக்காரனாகி ஒரு மாளிகைக்கு உடைமையாளன். அறுபது அறைகள். விருந்து முடிந்துவிட்டது. சிதறிக் கிடப்பவற்றையெல்லாம் பொறுக்கி முடிக்கும்வரை, வீட்டுப் பணிப்பெண் மரியா அவனைப் படுக்கைக்குச் செல்ல விடமாட்டாள். தொழிலாளி முதலாளியாகியும் அவனது உழைப்பு முடியவில்லை. உழைப்பின் பொருள் மட்டுமே போய்விட்டது. எண்பதுகளின் திடீர்ச் செல்வரைப் பற்றி இதனினும் கூரிய அங்கதம் அக்கால நாவல்களிலும் அதிகமில்லை என்பது எம் துணிபு. ஸ்மித் அதனை உணர்ந்து செய்தாரா என்பது வேறு கேள்வி.

அதைவிட வேடிக்கை, அவ்விளையாட்டை முடிக்கவே முடியாது என்பது. நிரலில் இருந்த பிழைகளால், மேன்மாட அறையொன்றினுள் நுழைந்தால் வேறு சில அறைகள் கடக்க இயலாதனவாகிவிடும். வெளியிட்ட நிறுவனம் முதலில் இஃது எமது திட்டமே என்று சாதித்தது, பின்னர் ஒப்புக்கொண்டது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியோர் ஆட்டக்காரர். நினைவகத்தில் எந்த இடத்தில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்னும் 'போக்' கட்டளைகள் சஞ்சிகைகளில் வெளிவந்து கைக்குக் கை பரவின. நிரல்களை அச்சிட்ட பக்கங்கள் அருகிய பின்னரும், அவை வளர்த்த வாசகன் உடனே மறைந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

உழைப்பையே கருவாகக் கொண்ட விளையாட்டு ஒன்றும் அதே 1984 இல் வந்தது: மல்கம் எவான்சின் 'டிராஷ்மன்'. குப்பை அள்ளும் தொழிலாளி வீடுவீடாகச் சென்று தொட்டிகளை வண்டியிற் கொட்டித் திரும்ப வேண்டும். நேரம் செல்லச் செல்ல அவனது ஊக்கத்தொகை குறையும். வீட்டுக்காரரின் புற்றரையில் கால் பட்டால் இன்னும் விரைந்து குறையும். இதிலே வேற்றுக்கிரகவாசிகளைச் சுடுவதில்லை. பிறர் புல்லை மிதியாமல் பிறர் குப்பையைச் சுமக்கும் ஒருவனின் கணக்கு மட்டுமே உண்டு. இதனை விரிவாக ஆராய்ந்த ஒரு கட்டுரை அன்று எழுதப்பட்டிருக்கலாம்.

விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விமர்சிக்கப்படும் விளையாட்டின் விளம்பரம் அதே இதழில் முழுப்பக்கமாக நின்றது. 'கிராஷ்' அட்டைகளை வரைந்த ஒலிவர் பிரே திறமையான ஓவியர். ஆனால் அவர் தீட்டிய வீரர்களுக்கும் திரையில் நடமாடிய சின்னஞ்சிறு புள்ளி உருவங்களுக்கும் இடையிலிருந்த தூரத்தை நிரப்பியது வாங்குவோனின் ஆசையே. 1987 இல் 'பார்பேரியன்' என்னும் வாட்போர் விளையாட்டு, அரைகுறை ஆடையுடன் நின்ற விளம்பர அழகியின் படத்தால் விற்கப்பட்டபோது, இப்பக்கங்கள் எந்தப் பாலாருக்காக எழுதப்படுகின்றன என்பது சொல்லாமலே விளங்கியது.

எண்பதுகளின் முடிவில் அட்டையில் ஒட்டப்பட்ட ஒலிநாடாவே சஞ்சிகையை விற்றது. முன்னர் வாசகன் விரல் நோக அடித்த விளையாட்டு இப்போது இனாமாக வந்தது. வாசிப்பதற்கு இருந்த பக்கங்கள் குறைந்தன. 'கிராஷ்' வெளியீட்டாளராகிய நியூஸ்பீல்ட் 1991 இல் முறிந்தது. வேறு கை மாறிய 'கிராஷ்' 1992 ஏப்பிரலுடன் நின்றது. அடுத்த ஆண்டு ஜனவரியில், டண்டி ரைமெக்ஸ் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிருவாகம் அவர்களை நீக்கிவிட்டு, வேறு ஆட்களை பஸ்களில் ஏற்றி வாயிற்கதவினூடே கொண்டு சென்றது. மறியல் மாதக்கணக்கில் நீண்டது. ஓகஸ்டில் ஆலை மூடப்பட்டது. ஸ்பெக்ட்ரம் சஞ்சிகைகளில் எஞ்சியிருந்த 'யுவர் சின்கிளேயர்' தனது இறுதி இதழை 1993 செப்டெம்பர் எனத் தேதியிட்டு வெளியிட்டது.