செப்டம்பர் 11 ஆவணப்படங்கள்: நினைவு, மீள்கட்டுமானம், சுதந்திரம்

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் கடத்தப்பட்ட நான்கு விமானங்களால் நடந்த தாக்குதல்களில் 2,977 பேர் கொல்லப்பட்டனர். நியூயார்க் உலக வணிக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் இடிந்து விழுந்தன. தாக்கப்பட்டது சுதந்திரமே என்று அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்தார். இதைப் பற்றி வந்த ஆவணப்படங்கள் பல. அவற்றுள் மூன்றைச் சேர்த்துப் பார்த்தால், துயரத்தை நினைவுகூர்வது ஒன்று, சுதந்திரத்தின் பொருளைக் கேட்பது வேறொன்று என்பது விளங்கும்.

அந்த ஒரு நாள்: '9/11' (2002)

பிரெஞ்சுச் சகோதரர்களான ஜூல் நோடே, கெடியோன் நோடே ஆகியோரும் தீயணைப்பு வீரர் ஜேம்ஸ் ஹேன்லனும் இயக்கிய படம் இது. மன்ஹாட்டனின் டுவேன் தெரு தீயணைப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு வீரரின் பயிற்சியைப் படமாக்கவே சகோதரர்கள் அங்கு இருந்தனர். அன்று காலை எரிவாயு வாடை பற்றிய புகாரைப் பார்க்கச் சென்ற குழுவுடன் ஜூல் இருந்தார். தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டுக் கேமராவைத் திருப்பினார். முதல் விமானம் வடக்குக் கோபுரத்தில் மோதியது அதில் பதிவானது.

பின்னர் அக்கோபுரத்தின் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தபோது தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தவர்களைக் கண்ட ஜூல், அதைப் படமெடுக்கவில்லை. அக்காட்சியை யாரும் பார்க்கக் கூடாது என்று அவர் கருதினார். வெளியே உடல்கள் விழும் ஓசை மட்டும் நமக்குக் கேட்கிறது. வீரர்களின் முகங்கள் மட்டும் தெரிகின்றன. படத்தின் பெருமை இந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

குறையும் உண்டு. நகரத் தீயணைப்புத் துறை அன்று 343 பேரை இழந்தது. ஆனால் டுவேன் தெரு நிலையத்தினர் அனைவரும் உயிர் தப்பினர். ஒவ்வொருவராகத் திரும்பி வரும் காட்சிகள் பார்ப்பவருக்கு ஆறுதல் தருகின்றன. அந்த ஆறுதலில் 343 என்ற எண்ணின் கனம் சற்றே குறைந்துவிடுகிறது. குழுவின் தலைவர் ஜோசப் ஃபைஃபர் தம் உடன்பிறந்த தம்பியை இழந்த செய்திதான் அதை மீண்டும் உணர்த்துகிறது.

பத்து ஆண்டுகள்: 'ரீபர்த்' (2011)

'மறுபிறப்பு' என்று பொருள்படும் இப்படத்தை ஜிம் விட்டேக்கர் இயக்கினார். இசை பிலிப் கிளாஸ். கோபுரங்கள் இருந்த இடத்தைச் சுற்றி நிறுவப்பட்ட கேமராக்கள் ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் படமெடுத்தன. தாயை இழந்த இளைஞர், மணமகனாக வரவேண்டியவரை இழந்த பெண், தீக்காயத்துடன் தப்பியவர் உட்பட ஐந்து பேர் ஆண்டுதோறும் கேமரா முன் அமர்ந்து பேசினர்.

கட்டடம் நொடிகளில் எழுவது போல் காட்டும் காட்சிகள் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் மனிதர்கள் அந்த வேகத்தில் தேறுவதில்லை. ஓராண்டு தெளிவாகப் பேசியவர் மறு ஆண்டு உடைந்துபோகிறார். மீள்கட்டுமானம் என்ற சொல்லைப் படம் நேர்மையாகக் கையாள்வது இங்கேதான்.

எனினும் அவ்விடத்தில் என்ன கட்டுவது என்ற பெரும் சர்ச்சைக்குள் படம் செல்வதில்லை. அங்கே அமையவிருந்த சர்வதேச சுதந்திர மையம், இறந்தோர் குடும்பத்தினர் பலரின் எதிர்ப்பால் 2005இல் கைவிடப்பட்டது. சுதந்திரக் கோபுரம் எனப்பட்ட கட்டடத்தின் பெயர் 2009இல் ஒன் வேர்ல்டு டிரேடு சென்டர் என மாறியது. விடுதலைப் பிரகடன ஆண்டைக் குறிக்கும் 1,776 அடி உயரம் மட்டும் நிலைத்தது.

சுதந்திரத்தின் மறுபக்கம்: 'டாக்சி டு தி டார்க் சைட்' (2007)

அலெக்ஸ் கிப்னி இயக்கிய இப்படம், 2008இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. இதன் மையம் நியூயார்க் அல்ல, ஆப்கானிஸ்தான். திலாவர் என்ற இளம் டாக்சி ஓட்டுநர் 2002 டிசம்பரில் பாக்ராம் அமெரிக்கப் படைத்தளத்தில் அடைக்கப்பட்டு, சில நாட்களில் இறந்தார். அவருடைய மரணத்தைக் கொலை என்றே ராணுவத்தின் சான்றிதழ் குறிப்பிட்டது. அந்த அறையில் தொடங்கும் விசாரணை, கட்டளையிட்டவர்களின் அலுவலகங்கள் வரை செல்கிறது.

அடித்த வீரர்களையும் கிப்னி பேசவிடுகிறார்; அவர்களை அரக்கர்களாகக் காட்டவில்லை. இறுதியில், இரண்டாம் உலகப் போரில் கைதிகளை விசாரித்த தம் தந்தையைப் பேச வைக்கிறார். தம் நாடு காப்பதாகச் சொன்ன நெறிகளையே அது கைவிட்டதில் அம்முதியவர் கொள்ளும் கோபம், நாட்டுப்பற்றிலிருந்து எழுவது. தகவல்கள் நெருக்கமாக வருவதால் இடையில் படம் கனக்கிறது என்பது உண்மை. ஆயினும் சுதந்திரம் யாருக்கு என்ற கேள்வியை மூன்று படங்களில் இது மட்டுமே கேட்கிறது.

மதிப்பீடு

தாக்குதலுக்குப் பின் மூடப்பட்ட சுதந்திரதேவி சிலையின் கிரீடப் பகுதி 2009 ஜூலை 4 அன்றுதான் மக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அச்சம் ஒரு நாட்டில் எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு இது சான்று. முதல் இரு படங்கள் அந்த அச்சத்துக்கும் துயரத்துக்கும் உரிய மரியாதை தருகின்றன. அவற்றை மட்டும் பார்ப்பவர், திலாவரின் குடும்பமும் அதே நிகழ்வின் தொடர்ச்சியில் ஒருவரை இழந்தது என்பதை அறியாமல் போகலாம். மூன்றாவதை மட்டும் பார்ப்பவருக்கு அமெரிக்கர்களின் வலி விளங்காது. எனவே மாணவர்கள் முதலில் '9/11', அடுத்து 'டாக்சி டு தி டார்க் சைட்', கடைசியாக 'ரீபர்த்' என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. சித்திரவதைப் படங்கள் இடம்பெறுவதால் நடுப்படத்தைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்டுமுன் ஆசிரியர்கள் அதைத் தாங்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.